ஹப்புத்தளைக்கு ஒரு முறை போய் வாருங்கள்

வருட ஆரம்பத்தில் கடைக்காரர்கள் கொடுக்கும் கலண்டர்களில் ஒரு படம் அடிக்கடி வரும், பார்த்திருப்பீர்கள். பச்சை மலை, அதன் மடியில் பத்துப் பன்னிரண்டு வீடுகள், நடுவில் ஒரு சிறிய தேவாலயம், பின்னால் மேகம். கீழே சுவிட்சர்லாந்து என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் அப்படி ஒரு கலண்டர் வருடம் முடிந்த பிறகும் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "மௌத்தாகுமுன் இப்படி ஓர் ஊரைக் கண்ணால் பார்க்கக் கிடைக்குமா?" என்று என் மாமி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போக நமக்கு எங்கே வசதி? ஆனால் அந்தப் படத்துக்கு மிக நெருங்கிய ஓர் ஊர் நம் பதுளை மாவட்டத்திலேயே இருக்கிறது. பனி மட்டும்தான் பெய்யாது. மற்றபடி மலை, மேகம், பழைய தேவாலயம், நடந்து போக ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் உண்டு. அந்த ஊர்தான் ஹப்புத்தளை. மாமியை அங்கே கூட்டிப்போன கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நீங்களும் குடும்பத்தோடு போகலாம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் எட்டு ஒன்பது மணி நேரப் பயணம். நானுஓயா தாண்டியதும் குளிர் தெரியத் தொடங்கும். பட்டிப்பொளையில் ரயில் 1,898 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். அதற்கு அடுத்து ஒஹியாவுக்கு முன்னால் ஒரு சுரங்கம் வரும். பிள்ளைகளை எழுப்பி ஜன்னலோரம் உட்கார வையுங்கள். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. இந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் வெயில் அடிப்பதுண்டு. தென்மேற்குப் பருவமழையை அந்த மலை முதுகு தடுத்து நிறுத்திவிடுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் அடிப்பது வரண்ட கச்சான் காற்று. அந்தக் காற்றில் கொழுந்து கொஞ்சம் வாடி மணம் ஏறுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோது இந்த ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. பதுளை மாவட்டத்துக்கு அப்போது விழுந்த அடி பெரியது. ஆகையால் புறப்படுமுன் எதுவரை ரயில் ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போவதானால் பெரகலைச் சந்தி வழியாக ஏறலாம்.

ஹப்புத்தளை ஒரு மலை முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். உயரம் 1,431 மீட்டர். நடுவே ரயில் பாதை, இரண்டு பக்கமும் கடைகள். கடைத்தெருவின் ஒரு முனையில் நின்றால் ஊவாப் பள்ளத்தாக்கு தெரியும். மறு முனைக்குப் போனால் தரையே முடிந்துவிட்டது போலத் தெற்கே ஒரேயடியாகப் பள்ளம். வானம் தெளிந்த காலையில் கடல்வரை பார்வை போகும். தெளியாவிட்டால், அதுதான் பெரும்பாலும், கீழேயிருந்து மேகம் ஏறி வந்து கடைகளுக்குள் நுழையும். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது மழையா, புகையா?" என்று கேட்டார்.

இந்தக் கணவாய் வழியாகத்தான் முற்காலத்தில் தவளம் போனது. மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிக் கரையோரத்திலிருந்து மலைக்கும், பாக்கும் நெல்லும் ஏற்றி மலையிலிருந்து கரைக்கும் போய்வந்தவர்களில் நம் முன்னோர் நிறையப் பேர். கண்டி ராச்சியத்தில் அது முஸ்லிம்களின் தொழிலாகவே இருந்தது. ஊவாவில் குருத்தலாவை போன்ற முஸ்லிம் கிராமங்களும் சின்னச் சின்ன பஜார்களில் நம்மவர் கடைகளும் இருப்பது இன்று நேற்று வந்ததல்ல.

இனி அந்தத் தேவாலயத்துக்கு வருவோம். பண்டாரவளைக்குப் போகும் வீதியில் சிறிது தூரம் நடந்தால் புனித அந்திரேயா தேவாலயம். 1869-இல் ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் தங்கள் ஊர்ப் பாணியில், கூர்வளைவுச் சன்னல்கள் வைத்துக் கட்டிக்கொண்டது. "வேதக்கோயிலில் நமக்கென்ன வேலை?" என்று கேட்பீர்கள். மாமியும் கேட்டார். நாங்கள் வணங்கப் போகவில்லை, அங்கே உள்ள கல்லறைகளை வாசிக்கப் போனோம். மையவாடியைக் கடக்கும்போது நின்று யோசிக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள்தானே நாம். யார் மையவாடியானால் என்ன?

1869 என்ற வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இந்த மலைகளில் தேயிலை இல்லை, கோப்பிதான். துரைமார் கையில் பணம் புரண்ட காலம். தேவாலயம் கட்டிய அதே 1869-இல், இதே ஊவாவில் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போல ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. இருபது வருடத்தில் நாட்டின் கோப்பிப் பயிரே இல்லாமல் போனது. கடன்பட்ட துரைமார் தோட்டங்களை வந்த விலைக்கு விற்றார்கள். அப்படி விலைபோன தோட்டங்களை வாங்க 1890-இல் வந்து இறங்கியவர்தான் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை வைத்து முன்னேறியவர். அவர் ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கித் தேயிலைத் தொழிற்சாலை கட்டினார். இடைத்தரகர் இல்லாமல் பாக்கெட்டில் அடைத்து இங்கிலாந்தின் ஏழை வீடுகளுக்கு மலிவாக விற்றார். நாம் இன்று கடையில் பாக்கெட் தேயிலை வாங்குகிறோமே, அந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர்.

தேவாலய முற்றத்தில் வோல்டர் ஸ்டான்லி சீனியர் என்ற பாதிரியாரின் நினைவிடம் இருக்கிறது. கண்டி திரித்துவக் கல்லூரியில் உப அதிபராக இருந்தவர், இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், 1938-இல் காலமானவர். மற்றக் கற்கள் துரைமாருடையவையும் அவர்கள் குடும்பத்தாருடையவையும். பெயர், பிறந்த ஊர், வயது எல்லாம் கல்லில் இருக்கின்றன. பாசி பிடித்தாலும் விரலால் தடவினால் வாசிக்கலாம்.

பதுளை நகரத்துக்குப் போனால் இன்னொன்றையும் பாருங்கள். 1857-இல் கட்டிய புனித மாற்கு தேவாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் ஞாபகமாக எழுப்பப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். யானைகளால் சாகாத அந்த மனிதர் 1845 ஜூன் 7-ஆம் தேதி ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். மழை ஓய்ந்ததா என்று பார்க்க விறாந்தையை விட்டு வெளியே இறங்கினாராம், அவ்வளவுதான் என்று கதை சொல்வார்கள். அவர் இருந்த இலங்கை ரைபிள் படையில் பெரும்பாலான சிப்பாய்கள் மலாய் முஸ்லிம்கள். 1873-இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. மேஜரின் பெயர் தேவாலயச் சுவரில் இருக்கிறது. அவரோடு காடு மேடெல்லாம் அலைந்த சிப்பாய்களின் பெயரை எந்தச் சுவரில் தேடுவது?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. என் வாப்பாவின் வாப்பா பண்டாரவளையில் ஒரு சிறிய புடவைக்கடை வைத்திருந்தார். தோட்டத்துச் சனங்களுக்குத் தீபாவளிக்குச் சீலை கடனாகக் கொடுப்பார். சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சமாகக் கட்டுவார்கள். அதற்கு ஒரு கடன் கொப்பி இருந்தது. தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், பெண்ணின் பெயர், எடுத்த சீலை, பாக்கி எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பெண்களுக்கு 1948-ஆம் வருடச் சட்டம் பிரஜாவுரிமையை மறுத்தது. 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கேயே என்று இரண்டு அரசாங்கங்கள் எண்ணிப் பிரித்துக்கொண்டன. இன்னும் ஒன்றரை இலட்சம் பேர் கதையைப் பிறகு பேசுவதாக விட்டுவிட்டார்கள். பிறகு தலைமன்னார் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அக்காவை ஏற்றிவிட்டுத் தங்கை பிளாட்பாரத்தில் விழுந்து அழுவார்.

போகுமுன் எத்தனையோ பெண்கள் கடைக்கு வந்து பாக்கியைக் கட்டிவிட்டுப் போனார்களாம். இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் பாக்கி. திரும்பிவரவே போவதில்லை, யாரும் தேடி வரவும் முடியாது. ஆனாலும் கட்டினார்கள். அப்பா அந்தப் பெயர்களைக் கோடு போட்டு அடித்ததைச் சொல்லும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். கடை கைமாறியபோது கொப்பிகளும் போய்விட்டன. அந்தப் பெண்களின் பெயர்கள் ஒரே இடத்தில் எழுதியிருந்த புத்தகம் ஒருவேளை அதுவாகத்தான் இருந்திருக்கும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கும் வாசகிகள் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் அவர்களின் பேத்திகளைப் பார்த்திருக்கலாம்.

சரி, நடைக்கு வருகிறேன். ஹப்புத்தளையைச் சுற்றி நடப்பதற்குப் பாதைகள் ஏராளம். கண்டியிலிருந்து நுவரெலியா வரை முன்னூறு கிலோமீட்டர் அளவில் பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து, பீக்கோ பாதை என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதில் சில கட்டங்கள் ஹப்புத்தளை, எல்லப் பக்கங்களைத் தொட்டுப் போகின்றன. எல்லவும் ஒன்பது வளைவுப் பாலமும் அழகுதான், ஆனால் இப்போது கூட்டம் தாங்க முடியாது. ரயில் தண்டவாளத்தில் நடப்பதை மட்டும் செய்யாதீர்கள். வெள்ளைக்காரர்கள் படம் எடுக்கிறார்களே என்று பிள்ளைகள் கேட்பார்கள், விடாதீர்கள்.

வயதானவர்களோடு போனால் அதிசாம் பங்களா போதும். ஊரிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர், ஓட்டோவில் போகலாம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற தோட்டத் துரை 1931-இல் கட்டிய கல் மாளிகை. இங்கிலாந்தில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வைத்தார். இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். வாரக் கடைசியிலும் போயா தினங்களிலும் விடுமுறைகளிலும் பார்க்க விடுகிறார்கள். அவர்கள் தோட்டத்துப் பழங்களில் செய்த ஜாம் விற்பார்கள். மாமி இரண்டு போத்தல் வாங்கி, கொய்யாவா ஸ்ட்ரோபெரியா என்று ஊர் வந்து சேரும்வரை எங்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

முட்டி வலி இல்லாதவர்கள் லிப்டன் சீட்டுக்கு ஏறிப் பாருங்கள். லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த மேடு அது. ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்னைத் தொழிற்சாலைக்குக் காலையில் பஸ் இருக்கிறது. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஏற்றம். முழுவதும் தேயிலை மலை நடுவே வளைந்து போகும் பாதை. அதிகாலையிலேயே கிளம்புங்கள், ஒன்பது பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிடும். அபாயாவின் ஓரம் தரையில் இழுபடாமல் கொஞ்சம் உயரமாகத் தைத்ததை உடுத்துங்கள், உள்ளே காற்சட்டை, காலில் பிடிப்பான சப்பாத்து. மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். ஒரு சிறு துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொண்டால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. வழியில் கழிப்பறை கிடைப்பது கஷ்டம், தங்கிய இடத்திலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள். ஊரில் பள்ளிவாசல் உண்டு. ஹலால் சாப்பாட்டுக்குப் பண்டாரவளையில் நம்மவர் கடைகள் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மண்சரிவும் இருக்கும், குழந்தைகளோடு வேண்டாம்.

மண்சரிவு என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஹப்புத்தளை மலை முதுகுக்குத் தெற்கே கீழே கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29-ஆம் தேதி காலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், பெரியவர்கள் வேலைக்குப் போயும் போகாமலும் இருந்த நேரத்தில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போக வேறு இடம் வேண்டுமே! அந்த மலையின் மேல் பக்கத்தில்தான் நாம் காட்சி பார்க்க நிற்கிறோம்.

பாதி ஏற்றத்தில் மாமியின் மகனும் நானும் மூச்சு வாங்க நின்றோம். மாமியைக் கீழே தேநீர்க் கடையில் விட்டிருந்தோம். பாதையோரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் வயதான அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இடுப்பில் படங்கு, தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுச் சாக்கு. "எங்கம்மா போறீங்க, சீட்டுக்கா?" என்றார். ஆமாம், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"ஒங்க நடைக்கு ஒரு மணி நேரம். நாங்க குறுக்க ஏறுனா அரை மணி. ஆமா, அங்க அப்புடி என்னத்தம்மா பாக்க வர்றாங்க எல்லாரும்?"

எனக்குப் பதில் வரவில்லை. கடல் தெரியுமாம் என்றேன். "நான் இந்த மலையில முப்பது வருஷமா பேர் போடுறேன். நின்னு பாத்தா கொழுந்து நிறையுமா?" என்று சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே இரண்டு கையாலும் பறித்தார். இரண்டு இலையும் ஒரு குருத்தும் மட்டும். முற்றின இலை சேர்ந்தால் மடுவத்தில் கழித்துவிடுவார்கள். பல தோட்டங்களில் ஒரு நாளுக்குப் பதினெட்டுக் கிலோ என்று கணக்கு. அதைப் பக்குவம் பண்ணினால் நாலு கிலோ அளவு தேயிலை வரும். நம் வீட்டில் மாதக்கணக்கில் வரும் தேயிலை அவருடைய ஒரு நாள் முதுகு. அந்த ஒரு நாளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்க வருடக்கணக்கில் போராடி, 2021-இல்தான் அரசாங்கம் அதை நிர்ணயித்தது.

உங்கள் ஆட்கள் எப்போது இங்கே வந்தார்கள் என்று கேட்டேன். அவருடைய அம்மாயி பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான், அதற்கு முன்னால் தெரியாது என்றார். அம்மாயியை எங்கே அடக்கினீர்கள் என்று கேட்க வாயெடுத்து நிறுத்தினேன். அவரே என் கண் போன திசையைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. கொழுந்து பிடித்த கையை நீட்டி, "அந்தா, அந்தச் சவுக்கு மரத்துக்குக் கீழ வரிசையா எல்லாரும் இருக்காங்க. மூணாவது எங்கம்மாயி, அதுக்கு மேல எங்கப்பாரு" என்றார். நான் பார்த்தேன். தேயிலைக்கும் பாதைக்கும் நடுவில் புல் மூடிய மேடு பள்ளம், ஒரு கல் கிடையாது. எனக்கு அது வெறும் தரிசு. அவர் வரிசையை எண்ணிச் சொல்கிறார்.

நம் மையவாடிகளிலும் பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நாமாக விரும்பி விட்டது. இங்கே வைக்க வழியில்லாமல் போனது. அந்த அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். பிள்ளைக்காம்பராவில் பேரன் இருக்கிறான் என்று வாங்கி மடியில் முடிந்துகொண்டார். "ஒங்க பேரு என்னம்மா?" என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் தன் பெயரைச் சொன்னார். நான் கைப்பையில் இருந்த ரயில் டிக்கட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன். "எதுக்கும்மா, வேலை குடுக்கப் போறீங்களா?" என்று பக்கத்து நிரையில் நின்றவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

கொழுந்து நிறுக்கும் நேரம் வந்துவிட்டதென்று கீழேயிருந்து சத்தம் வந்தது. சாக்கைச் சரிசெய்துகொண்டு அவர்கள் குறுக்குப் பாதையில் இறங்கிப் போனார்கள். நாங்கள் மேலே ஏறினோம். லிப்டன் சிலையாக உட்கார்ந்திருந்தார், கையில் கோப்பை. மேகம் வந்து மூடியிருந்தது. கடலும் தெரியவில்லை, தோட்டமும் தெரியவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு இறங்கினோம்.

கீழே தேநீர்க் கடையில் மாமி மூன்றாவது கோப்பை பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்னத்தைப் பார்த்தீங்க?" என்றார். டிக்கட்டை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவரால் வாசிக்க முடியவில்லை. நான் வாசித்துக் காட்டினேன்.